சர்டிபிகேட்டை மட்டும் கடைக்குக் கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தங்கை டி.பார்ம் (மருந்தாளுநர் டிப்ளமா) முடித்து, தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டார். பக்கத்து ஊரில் மெடிக்கல் ஷாப் திறக்கப்போகும் ஒருவர், "சர்டிபிகேட்ட மட்டும் குடுங்க, பாப்பா கடைக்கு வரவே வேண்டாம், மாசம் 5,000 ரூபாய் அக்கவுண்ட்ல போட்டுர்றேன்" என்கிறார். நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள் என்று சொந்தக்காரர்களும் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? கொடுக்காவிட்டால் இந்தப் படிப்புக்கு வேறு என்ன வழி?

கொடுக்க வேண்டாம். முதல் கேள்விக்கு அதுதான் பதில். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். திருச்சிப் பக்கம் இரண்டு கடைகளிலும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலுமாக நான் மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்று 22 வருடம் ஆகிறது. அந்தக் காகிதத்தின் மேல் என்னென்ன நிற்கிறது என்பதைக் கல்லூரியில் யாரும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லவில்லை. உங்கள் தங்கைக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இந்தியாவில் ஒரு மருந்துக்கடை இரண்டு சட்டங்களின் கீழ் நடக்கிறது. 1940-இல் வந்த மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் அதன் கீழ் 1945-இல் வந்த விதிகளும் சரக்கைப் பார்த்துக்கொள்கின்றன. எதைத் தயாரிக்கலாம், எப்படி வைக்க வேண்டும், எதைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதெல்லாம் அதில் வரும். 1948-இல் வந்த பார்மசி சட்டம் ஆளைப் பார்த்துக்கொள்கிறது. யார் மருந்தாளுநர், எங்கே பதிவு செய்ய வேண்டும், பதிவு இல்லாதவர் கொடுத்தால் என்ன தண்டனை என்பது அதில் இருக்கிறது. இந்த இரண்டு சட்டங்களுக்கும் வேர், கர்னல் ஆர்.என்.சோப்ரா தலைமையில் 1930-இல் அமைத்த விசாரணைக் குழு. சந்தையில் போலிச் சரக்கு குவிந்து கிடந்த காலம் அது. மருந்தையும் கட்டுப்படுத்த வேண்டும், அதைக் கையாளும் ஆளுக்கும் படிப்பும் பதிவும் வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. மருந்து நல்லதாக இருந்து கொடுக்கிற கை தவறினாலும், கை சரியாக இருந்து மருந்து போலியாக இருந்தாலும், நோயாளிக்கு முடிவு ஒன்றுதானே.

பார்மசி சட்டத்தின் 42-ஆம் பிரிவைத் தங்கையை ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள். டாக்டர் எழுதிய சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பதைப் பதிவுபெற்ற மருந்தாளுநர் தவிர வேறு யாரும் செய்யக் கூடாது என்கிறது. டாக்டர் தன் சொந்த நோயாளிக்குத் தானே கொடுப்பதற்கு விலக்கு உண்டு. மீறினால் சிறைத் தண்டனை வரை போகலாம்.

சரி, கடை லைசென்ஸ் எப்படிக் கிடைக்கிறது? சில்லறை விற்பனைக்குப் படிவம் 20, படிவம் 21 என்று இரண்டு லைசென்ஸ் வாங்குவார்கள். முதலாவது சாதாரண மருந்துகளுக்கு. இரண்டாவது இன்சுலின், தடுப்பூசி, ஊசி மருந்து போன்றவற்றுக்கு. குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் வேண்டும், ஃபிரிட்ஜ் வேண்டும், இடத்தின் வரைபடமும் வாடகை ஒப்பந்தமும் வேண்டும். இவையெல்லாம் காசு போட்டால் கிடைத்துவிடும். காசு போட்டு வாங்க முடியாத ஒன்றைத்தான் அந்தக் கடைக்காரர் உங்கள் வீட்டில் வந்து கேட்டிருக்கிறார். பதிவுபெற்ற மருந்தாளுநரின் பெயர் அந்த லைசென்ஸில் ஏற வேண்டும். அதற்காகத் தங்கை தன் கையெழுத்துப் போட்டு, "இந்தக் கடையில் முழுநேரம் பணிபுரிகிறேன்" என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். வேலைக்கே போகாமல் அப்படி எழுதிக் கொடுத்தால், அரசு அலுவலகத்தில் தன் பெயரில் ஒரு பொய்யைப் பதிந்துவிட்டு வருகிறார் என்று பொருள். வீட்டில் சும்மா இருக்கும் காகிதம் நாலு காசு கொண்டுவரட்டுமே என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைத்தான் யோசிப்பதில்லை.

இன்னொன்று. கடையின் பெயர்ப் பலகையைக்கூட விதி விட்டுவைக்கவில்லை. மருந்தாளுநர் தேவைப்படாத லைசென்ஸ் வைத்திருப்பவர் 'டிரக் ஸ்டோர்' என்றுதான் போட்டுக்கொள்ளலாம். மருந்தாளுநர் உண்டு, ஆனால் மருந்து கலந்து தயாரிப்பதில்லை என்றால் 'கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரக்கிஸ்ட்ஸ்'. ஆளும் இருந்து, கலந்து தயாரிக்கும் வசதியும் இருந்தால்தான் 'பார்மசி'. இன்று தெருவுக்கு இரண்டு 'பார்மசி' பலகை தொங்குகிறது. அந்தச் சொல்லுக்கு இவ்வளவு எடை இருந்தது என்பது படித்தவர்களுக்கே மறந்துவிட்டது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கவுண்டரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு புதன்கிழமை மாலை. அறுபத்தைந்து வயது இருக்கும் ஓர் அம்மா, பேத்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். வாய்ப்புண்ணுக்கு பி காம்ப்ளெக்ஸ் கேட்டார். அஞ்சு ரூபாய், பத்து ரூபாய் வியாபாரம். எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்திருக்கலாம். பேசும்போது அவர் உதட்டோரம் வெள்ளை படிந்திருந்தது, எச்சில் விழுங்கவே கஷ்டப்பட்டார். "வேற என்ன மாத்திரை சாப்புடுறீங்கம்மா?" என்று கேட்டேன். மஞ்சப்பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து வைத்தார். மெத்தோட்ரெக்சேட், 7.5 மில்லிகிராம். மூட்டு வாதத்துக்கு டாக்டர் எழுதியது. பத்து மாத்திரை அட்டையில் ஆறு குழி காலி. "எப்ப வாங்குனீங்க?" "போன வியாழக்கிழமைதாம்மா."

எனக்குக் கை சில்லிட்டுப்போனது. அந்த மருந்தை மூட்டு வாதத்துக்கு வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் வாய் வெந்துபோகும், ரத்த அணுக்கள் இறங்கிவிடும், உயிரே போகும். அவர் ஆறு வாரத்து மருந்தை ஆறே நாளில் சாப்பிட்டிருந்தார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். டாக்டர் 'வாரம் ஒரு முறை' என்று ஆங்கிலத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார், எண்ணிக்கை நாலு என்றும் போட்டிருந்தார். கடைப் பையன் முழு அட்டையாகக் கொடுத்துவிட்டு, கவரில் 'காலை 1' என்று டிக் அடித்து அனுப்பியிருக்கிறான். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கவரில் இருந்ததைத்தான் அவர் நம்பினார். நம்பத்தானே செய்வார்?

மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள், எத்தனை மாத்திரை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அட்மிட் ஆனார். எதிர்மருந்து போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அதே பேத்தியோடு வந்து கவுண்டருக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. இப்போதும் என் கடையில்தான் வாங்குகிறார். நாலு மாத்திரையை எண்ணி வெட்டி, கவரில் 'புதன்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, மறுநாளுக்கான ஃபோலிக் ஆசிட் மாத்திரையைத் தனிக் கவரில் போட்டு 'வியாழன்' என்று எழுதி, அவர் வாயாலேயே ஒரு முறை திருப்பிச் சொல்ல வைத்துத்தான் அனுப்புகிறேன்.

அவர் முதலில் வாங்கிய கடை எது என்று எழுத மாட்டேன். விசாரித்தபோது ஒன்று தெரிந்தது. அங்கேயும் சுவரில் சர்டிபிகேட் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அதில் பெயர் இருந்த பெண், வேறொரு மாவட்டத்தில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நல்லவராகத்தான் இருப்பார், அன்றைக்குக் கடையில் இருந்திருந்தால் அந்தச் சீட்டைச் சரியாகப் படித்துமிருப்பார். மாதாமாதம் அவர் கணக்கில் விழுந்த பணம், அவர் அங்கே இல்லாமல் இருப்பதற்கான விலை. உங்கள் தங்கைக்கும் அதே விலைதான் பேசுகிறார்கள்.

இப்போது மருந்து வகைகளுக்கு வருகிறேன். விதிகளில் பட்டியல், பட்டியலாக இருக்கும். கவுண்டரில் நிற்பவருக்கு அன்றாடம் கைக்கு வருபவை எச், எச்1, எக்ஸ் மூன்றும்தான். எச் பட்டியலில் இருப்பதைச் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. அமாக்ஸிசிலின், அசித்ரோமைசின் எல்லாம் இதில் வரும். அட்டையின் இடது மேல் மூலையில் ஆர்.எக்ஸ். குறி இருக்கும். எச்1 அதைவிடக் கடுமை. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. செஃபிக்ஸிம், லீவோஃப்ளாக்சசின் மாதிரியான ஆன்டிபயாட்டிக்குகள், டிபி மருந்துகள், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள், டிரமடால் என்று 46 மருந்துகளோடு தொடங்கியது. அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். இதை விற்றால் தனி ரெஜிஸ்டரில் டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். எக்ஸ் பட்டியலுக்குத் தனி லைசென்ஸ், பூட்டிய அலமாரி, இரண்டு பிரதியாகச் சீட்டு, அதில் ஒன்றைக் கடை 2 வருடம் பாதுகாக்க வேண்டும். கெட்டமின், மெத்தில்பெனிடேட் போன்றவை அதில் இருக்கின்றன. பெரும்பாலான சின்னக் கடைகள் அந்தப் பக்கமே போவதில்லை.

எச்1 ரெஜிஸ்டர் புதிதாக வந்தபோது எனக்கும் அது வீண் வேலையாகத்தான் தெரிந்தது. ஒரு மருந்துக்கு ஒரு வரி, சாயங்காலக் கூட்டத்தில் யார் எழுதுவது என்று சலித்துக்கொண்டேன். இரண்டு மூன்று மாதம் எழுதிய பிறகு பக்கங்களைப் புரட்டினால், ஒரே ஆள் மூன்று வெவ்வேறு டாக்டர் சீட்டில் தூக்க மாத்திரை வாங்கியிருப்பது கண்ணில் பட்டது. டிபி மருந்துக்கு இன்னொரு கடமையும் உண்டு. 2018-இலிருந்து, டிபி மருந்து கொடுத்த நோயாளியின் விவரத்தைக் கடையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். பாதியில் மருந்தை நிறுத்துபவர்களைத் தேடிப் பிடிக்க அதுதான் உதவுகிறது.

"காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று வருபவர்களைப் பற்றித் தங்கைக்கு இப்போதே தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் மருந்துக்கடை நடத்துபவர் யாராக இருந்தாலும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இதைக் கேட்பார். ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு வலி மாத்திரை, ஒரு சளி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை என்று இரண்டு வேளைக்குப் பிரித்துக் கவரில் போட்டுக் கொடுத்தால் அதுதான் செட். கேட்பவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. டாக்டர் ஃபீஸ், அரை நாள் கூலி எல்லாம் கணக்குப் போட்டுத்தான் அவர் நம்மிடம் வருகிறார். ஆனாலும் இரண்டு வேளை ஆன்டிபயாட்டிக் எந்த நோயையும் தீர்க்காது, கிருமிக்கு அந்த மருந்தைப் பழக்கிவிடும். நான் பாரசிட்டமாலும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும் கொடுத்து, இரண்டு நாளில் குறையாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்வேன். சிலர் திட்டிவிட்டு எதிர்க்கடைக்குப் போவார்கள். போகட்டும்.

வலி மாத்திரையைப் போதைக்காகத் தேடி வரும் பையன்கள் ஒரு தனிக் கவலை. டிரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் வந்துவிட்டது. பல மாவட்டங்களில் மருந்துக்கடைகளில் சிசிடிவி கட்டாயம் என்று கலெக்டர்கள் உத்தரவு போட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட மருந்து கணக்கில்லாமல் வெளியே போனால், முதலில் கேட்பது லைசென்ஸில் யார் பெயர் இருக்கிறது என்றுதான். 5,000 ரூபாய்க்குச் சர்டிபிகேட் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்ணுக்குக் கடையில் என்ன விற்றது என்றே தெரியாது. பெயர் மட்டும் அவருடையது.

அதே போல, டாக்டர் எழுதிய கம்பெனி மாத்திரை இல்லையென்றால் "இதுவும் அதேதான்" என்று வேறு கம்பெனி அட்டையைக் கொடுக்க எச், எக்ஸ் மருந்துகளில் நமக்கு அதிகாரம் இல்லை. உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருந்தாலும் கூடாது என்று மருந்து விதிகளின் 65-ஆம் விதி சொல்கிறது. மருந்தின் பொதுப் பெயரை (ஜெனரிக்) எழுதச் சொல்லி 2016-இல் மருத்துவக் கவுன்சில் டாக்டர்களுக்கு விதி கொண்டுவந்தது. பெரும்பாலான சீட்டில் இன்னும் கம்பெனிப் பெயர்தான். நான் டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டு, மாற்றியதைச் சீட்டில் குறித்துக் கொடுக்கிறேன். ஒரு போன் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்கும் துணிச்சல் படித்தவருக்குத்தான் வரும். டாக்டரிடம் என்ன கேட்பது என்று கடைப் பையனுக்குத் தெரியாது, பாவம்.

டிரக் இன்ஸ்பெக்டர் வந்தால் என்ன பார்ப்பார் என்றும் பலர் கேட்கிறார்கள். லைசென்ஸ் கண்ணில் படுகிற மாதிரி இருக்கிறதா, பார்மசிஸ்ட் ஆள் எங்கே, கொள்முதல் பில்லும் விற்பனை பில்லும் பேட்ச் எண்ணோடு (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) பொருந்துகிறதா, எச்1 ரெஜிஸ்டர், ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா, எக்ஸ்பைரி ஆனவை தனியாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றனவா, இவைதான். சந்தேகம் வந்தால் சாம்பிள் எடுப்பார். அதை நாலு பங்காகப் பிரித்து முத்திரை வைத்து, ஒன்றை நம்மிடமே கொடுத்துவிடுவார். ஆய்வகத்துக்கு ஒன்று, நீதிமன்றத்துக்கு ஒன்று, சரக்கு அனுப்பியவருக்கு ஒன்று.

பில் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது 2025-இல் எல்லாருக்கும் புரிந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்த சாம்பிளில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. சிறுநீரகத்தை அழிக்கும் விஷம் அது. கவுண்டரில் நிற்கும் யாருக்கும் பாட்டிலைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நம்மால் முடிந்தது வேறு. அக்டோபர் தொடக்கத்தில் விற்பனையை நிறுத்தச் சொன்ன அன்று கடையை அரை மணி நேரம் மூடிவிட்டு ரேக்கில் இருந்த ஒவ்வொரு சிரப் பாட்டிலின் பேட்சையும் பார்த்தோம், பிறகு பழைய பில்களை எடுத்துப் பார்த்தோம். எங்களிடம் அந்தச் சரக்கு வந்திருக்கவில்லை. வந்திருந்தால் யாருக்குப் போனது என்று அன்று மாலைக்குள் போன் போட்டிருப்போம். பில் போடாத கடை யாரைக் கூப்பிடும்? குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம் என்று 2023 டிசம்பரிலேயே உத்தரவு இருந்தது. அதை நினைவில் வைத்து, "குழந்தைக்கு எத்தனை வயசு?" என்று கேட்கிற ஒரே ஆள் மருந்தாளுநர்தான்.

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளின் உச்ச விலைக் கணக்கில் சில்லறைக் கடைக்கு 16 சதவீதம்தான் லாபம். மற்றவற்றில் வழக்கமாக 20 சதவீதம் வரும். அதில் வாடகை, ராத்திரி பகலாக ஓடும் ஃபிரிட்ஜின் கரண்ட் பில், கம்பெனி திருப்பி எடுக்காத எக்ஸ்பைரி சரக்கு எல்லாம் போக வேண்டும். இணையத்தில் தள்ளுபடி விலைக்கு விற்கிறார்கள். (இணைய விற்பனைக்கு 2018-இல் வரைவு விதி வந்தது, அதே டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது, அடுத்த மாதமே மேல் அமர்வு அந்தத் தடையை நிறுத்திவைத்தது. அது தனிக் கதை.) அதனால் மருந்தாளுநர் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். ஆனால் சமையல்காரர் இல்லாமல் ஹோட்டல் கணக்குப் போட மாட்டார் யாரும். மருந்துக்கடையில் மட்டும் ஆள் இல்லாமல் கணக்குப் போட நாம்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறோம், நம் காகிதத்தைத் தனியாகக் கழற்றிக் கொடுத்து. எல்லா டி.பார்ம் பிள்ளைகளும் "நானும் வருவேன், சம்பளம் கொடுங்கள்" என்று நின்றிருந்தால் இந்தத் தொழிலில் சம்பளம் இவ்வளவு கீழே கிடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

மாட்டினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். 2015-இல் வந்த பார்மசி நடைமுறை விதிகள், கடைக்குப் போகாமல் சர்டிபிகேட்டை மட்டும் கொடுப்பதையும், ஒரே சர்டிபிகேட்டை ஒன்றுக்கு மேற்பட்ட கடையில் போடுவதையும் ஒழுங்கீனமாகவே எழுதி வைத்திருக்கின்றன. கவுன்சில் நினைத்தால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம். இரண்டு வருடப் படிப்பு, அதற்கு மேல் 500 மணி நேரப் பயிற்சி, எல்லாம் அதோடு போகும். அப்புறம், ஒரு கடையில் பெயர் இருக்கும்வரை இன்னொரு கடையில் முறையாக வேலைக்குச் சேர முடியாது. நாளைக்குத் தங்கைக்கு நல்ல ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தால், இந்த ஆள் ஒரிஜினலைத் திருப்பிக் கொடுக்க ஆறு மாதம் இழுத்தடிப்பார். அப்படி அழுதுகொண்டு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, வேறு வழி என்ன என்ற கேள்வி.

என்னைக் கேட்டால் முதல் இரண்டு வருடம் கூட்டம் உள்ள கடையிலோ ஆஸ்பத்திரி மருந்தகத்திலோ நிஜமாக வேலை பார்க்கட்டும். சம்பளம் ஆரம்பத்தில் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் கையெழுத்துப் படிப்பது, பெயர் ஒத்த மருந்துகளைப் பிரித்துப் பார்ப்பது, பேட்சும் எக்ஸ்பைரியும் அச்சான முனை கடைசிவரை கடையில் தங்குகிற மாதிரி அட்டையை மறுமுனையிலிருந்து வெட்டுவது, ஸ்டாக்கிஸ்டிடம் (மொத்த வியாபாரி) ஆர்டர் போடுவது எல்லாம் அங்கேதான் வரும். ஆஸ்பத்திரி என்றால் ஊசி மருந்துகளும் வார்டு இண்டெண்ட்டும் (வார்டிலிருந்து வரும் மருந்துக் கோரிக்கைச் சீட்டு) கூடுதலாகப் பழகும்.

அதோடு அரசுத் தேர்வுக்குப் படிக்கலாம். தமிழ்நாட்டில் அரசு மருந்தாளுநர்களை 2012-இல் அமைத்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கிறது. அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வரும்போது டி.பார்ம் படித்தவர்களுக்கு நல்ல வாய்ப்பு. ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநர் வேலை எனக்கு மிகவும் மதிப்பானதாகப் படுகிறது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி, தரம் பரிசோதித்து, மாவட்டக் கிடங்கு வழியாக அனுப்பும் முறை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துக்கொண்டு போன ஒன்று. அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி, சுகர் மாத்திரைக்கு வரிசையில் நிற்கும் தாத்தாவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மருந்தாளுநர். ரயில்வே, இ.எஸ்.ஐ. ஆகியவற்றிலும் பணியிடங்கள் உண்டு.

மேலே படிக்க வசதி இருந்தால் டி.பார்ம் முடித்தவர்கள் பி.பார்மில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மூன்று வருடத்தில் பட்டம். டிரக் இன்ஸ்பெக்டர் ஆவதற்கும், மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு வேலைக்கும் பட்டம் வேண்டும். டி.பார்மோடு நின்றால் அந்தக் கதவுகள் திறக்காது. ஆறு வருட பார்ம்.டி. 2008-இல் வந்தது, வார்டில் டாக்டரோடு நின்று மருந்தைச் சரிபார்க்கும் படிப்பு. உங்கள் தங்கைக்கு இப்போது அது நீளமான பாதை. யாராவது "பி.பார்ம் முடித்தால் அமெரிக்கா போகலாம்" என்று ஆசை காட்டினால் நம்பிக் கடன் வாங்க வேண்டாம். 2003-க்குப் பிறகு பட்டம் வாங்கியவர்களுக்கு அங்கே பதிவுத் தேர்வு எழுதக் குறைந்தது ஐந்து வருடப் பார்மசி படிப்பு வேண்டும், நம்முடையது நாலு.

சொந்தக் கடை? தங்கையின் பெயரிலேயே, தங்கையே நின்று நடத்தும் கடை என்றால் நான் கைதட்டி வரவேற்பேன். சர்டிபிகேட்டுக்கு வெளியே ஆள் தேட வேண்டியதில்லை, சம்பளச் செலவும் குறையும். மத்திய அரசின் மக்கள் மருந்தகம் 2008-இலிருந்து இருக்கிறது. தமிழக அரசு 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தபோது, தொழில்முனைவோர் பிரிவில் டி.பார்ம், பி.பார்ம் படித்தவர்களுக்கும் அவர்கள் ஒப்புதல் பெற்றவர்களுக்கும் 3 லட்சம் ரூபாய் வரை மானியம் கொடுத்தார்கள். இப்போதைய நிலையைக் கூட்டுறவுத் துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். ஆனால் முதலில் அந்த இரண்டு வருடக் கவுண்டர் அனுபவம். அது இல்லாமல் கடை போட்டு, கம்பெனிகளின் 'ஸ்கீம்' சலுகையில் கிடைக்கிறதே என்று சரக்கை வாங்கிக் குவித்து, எக்ஸ்பைரியில் பணத்தை இழந்தவர்கள் நிறைய.

கடைசியாக, கடைக்காரரிடம் என்ன சொல்வது? முகத்தில் அடித்த மாதிரி வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. "பாப்பா வேலைக்கு வரும். காலை ஒன்பதிலிருந்து கடை நேரம் பேசிக்கொள்ளலாம், சம்பளம் பேங்கில் போடுங்கள், நியமனக் கடிதம் கொடுங்கள்" என்று கேளுங்கள். அவர் ஒத்துக்கொண்டால் பக்கத்து ஊரிலேயே நல்ல வேலை கிடைத்துவிட்டது. ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் தேடியது எதை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். ஒருவேளை சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டு ஒரிஜினலையோ கையெழுத்துப் போட்ட பத்திரத்தையோ ஏற்கெனவே கொடுத்திருந்தால், உடனே திரும்ப வாங்குங்கள். தர இழுத்தடித்தால், அந்தக் கடையில் தான் பணியில் இல்லை என்று தங்கை தன் கைப்பட எழுதி, பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மண்டல உதவி இயக்குநருக்கும், நகலைப் பார்மசி கவுன்சிலுக்கும் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பட்டும். மருந்தாளுநர் மாறினால் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டியது கடைக்காரரின் கடமை. அவர் தெரிவிப்பார் என்று காத்திருக்க வேண்டாம். தபால் ரசீதைச் சான்றிதழ் ஃபைலிலேயே சேர்த்து வையுங்கள்.